ஆர்டிஸ் கட்டிய என் விமானம்

விஸ்கான்சின்,
ஜூன் 11

மதிப்பிற்குரிய டுவேன் மச்சான் சமூகத்துக்கு ஹார்லன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை ஆர்டிஸ், கோழிகள் அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நலம் என்று எழுதியது மரியாதைக்காகத்தான். உங்கள் தங்கை என் விமானத்தைப் பறித்துக்கொண்டாள். நீங்கள் உடனே வந்து நாலு வார்த்தை சொல்லி மீட்டுத் தர வேண்டும்.

ஆறு வருஷமாகக் கொட்டகையில் கிடந்து நான் கட்டிய விமானம்தான். "கூரையே இல்ல, இதுக்குப் பேரு விமானமா மாப்ளே? கட்டில்ல துணி காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று எங்கள் வீட்டு விருந்தில் வான்கோழியை மென்றுகொண்டே சொன்னீர்களே, அதேதான். மரச்சட்டம், மேலே துணி, பழைய கார் இன்ஜின், ஒரே இருக்கை. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய வரைபடம். உங்கள் அலுமினிய விமானத்தில் ஊர் ஊராகப் போகிறீர்கள், ஆனால் பார்ப்பதெல்லாம் திரையைத்தான். இதில் போனால் அறுத்த புல் வாசனை மூக்கில் ஏறும், மாடு தலைதூக்கிப் பார்ப்பது தெரியும், சாலையில் போகும் லாரி நம்மை முந்தும். அந்த அவசரமில்லாத பறத்தலுக்காகத்தான் மச்சான், இத்தனை பாடு.

வீட்டில் கட்டும் விமானத்தில் பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்ததாகப் படம் காட்ட வேண்டும் என்பது சட்டம். நானும் ஒரு நாள் விடாமல் படமெடுத்து நாலு ஆல்பம் ஒட்டிவைத்தேன். செவ்வாய்க்கிழமை சோதனை அதிகாரி வந்து, செர்ரி கேக் இரண்டு துண்டு சாப்பிட்டு, ஆல்பத்தைப் புரட்டினார்.

"இறக்கைக்குப் பசை போடுறது யாருங்க?"

"என் வீட்டுக்காரி."

"துணிய இஸ்திரிப் பெட்டியால தேச்சு இறுக்குறது?"

"அவதான்."

"இந்த ஆயிரத்து இருநூறு தையலு?"

"அவ கை சின்னதுங்க, இடுக்குல போகும்."

"இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"எல்லாப் படத்துலயும் இருக்கேன் சார், கேமராவுக்குப் பின்னாடி!"

ஆல்பத்தை மூடினார். கட்டியவர் பெயர்த் தகட்டில் 'ஆர்டிஸ் ட்வைட்' என்று பொறிக்கச் சொல்லிவிட்டார். இவளாவது மறுப்பாள் என்று பார்த்தால், "அவர் சொல்றது நியாயந்தானேங்க, நீங்க நல்லா வேலை வாங்குனீங்க" என்கிறாள். முதலில் பறப்பதும் அவளாம்! "இருநூத்து நாப்பது பவுண்டு நீங்க. ஏறுனா அது எந்திரிக்கவே எந்திரிக்காதுங்க." வியாழன்தோறும் தேவாலயப் பாட்டுப் பயிற்சி என்று போனவள் விமானம் ஓட்டக் கற்று உரிமமே வாங்கியிருக்கிறாள். குரல் ஏன் இன்னும் சுருதி சேரவில்லை என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமைக்குள் வாருங்கள். தகட்டில் என் பெயர் வேண்டும், மச்சான். வயிறு எரிகிறது.

உங்கள் வீட்டில் மார்லிஸ் அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் பல்லாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
இறக்கை பறிகொடுத்த
ஹார்லன் ட்வைட்

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமையே போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம். இன்ஜின் கிளம்ப நான்தான் முன்விசிறியைக் கையால் சுற்றிவிட்டேன். சோளக்கொல்லைக்கு மேலே நிதானமாக இரண்டு வட்டம் போட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். இறங்கியதும், "ஏங்க, மாடெல்லாம் நெசமாவே நிமிந்து பாக்குதுங்க!" என்றாள். மிச்ச மரத்தில் அன்று மாலையே அடுத்ததைத் தொடங்கிவிட்டோம், இதில் இரண்டு இருக்கை. தகட்டில் என் பெயர்தான் என்று பேசி முடித்து, கேமராவை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இதுவரை பத்துப் படம் எடுத்திருக்கிறாள். பத்திலும் நான் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்.