வரியின் தலையில் ஒரு தூசி

"கணினியின் தொடக்கத் திரையை ஒழுங்குபடுத்தாமல் இந்த நாற்காலியை விட்டு எழேன்" என்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சூளுரைத்த மெய்ப்புத் திருத்துநர், ஒன்பது ஐந்துக்குள் நான்கு முறை எழுந்து நடந்துவிட்டார்.

சங்கதி இதுதான். புதிதாக லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய நாள்முதல், கணினி கண்விழிக்கும்போதெல்லாம் எழுத்துகள் பூசணிக்காயாய் ஊதி, வரிகளின் ஓரம் திரைக்கு வெளியே போய்விழுந்தன. உள்ளே நுழைந்த பிறகோ எல்லாம் ஒழுங்கு, பொடிப்பொடி எழுத்து.

"கண் டாக்டரைப் பாருங்கன்னு மூணு மாசமா கத்துறேன். நீங்க திரைக்கு வைத்தியம் பாக்குறீங்க" என்றார் மனைவி. நூலகத்தில் பட்டியல் தயாரிப்பவர்.

"முப்பது வருஷமா அச்சகத்துல என் கண்ணுக்குத் தப்பின கால்புள்ளி உண்டா? கோளாறு திரைக்கு!"

"அப்ப பந்தயம். பன்னிரண்டுக்குள்ள நீங்க இதைச் சரிபண்ணிட்டா கண்ணாடிப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லேன்னா சாயங்காலம் டாக்டர்."

"கட்டுறேன் போ!"

தொடக்க அமைப்புக் கோப்பைத் திறந்தார். மூக்கு திரையில் இடித்தது. திரையளவு வரியில் 640க்கு 480 என்றிருந்ததை அழித்து 1920க்கு 1080 என்றெழுதி, சேமித்து, மாற்றத்தைப் பதியும் கட்டளையும் கொடுத்து, கணினியை மீண்டும் தொடக்கினார். பூசணிக்காய். அளவைக் குறைத்தார், மறுபடி ஏற்றினார். பூசணிக்காய். கம்பியைப் பிடுங்கிச் செருகினார். அதே பூசணிக்காய். விரல் மேசையில் தாளம் போட்டது. கால் அதற்கு எதிர்த்தாளம் போட்டது. போதாக்குறைக்கு அந்த வரியின் தலைமாட்டில் ஒரு தூசி வேறு. கைக்குட்டையால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். நகத்தால் சுரண்டினார். அது அசைவேனா என்றது.

கணினி செத்துப் பிழைத்தது ஏழு முறை என்பது அவர் கூற்று. சமையலறையிலிருந்து எண்ணிய அம்மையாரின் கூற்றில் பதினொன்று.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அம்மையார் வந்து பின்னால் நின்றார்.

"ஏங்க, திரையை ஏன் இந்தத் தேய் தேய்க்கிறீங்க?"

"தூசிம்மா. ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்குது."

"அந்த வரிக்கு முன்னாடியா? அது தூசி இல்லைங்க, குறி. குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு கோடு. அது தலையில நின்னா கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமத் தாண்டிப் போயிடும்."

மெய்ப்புத் திருத்துநர் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்தே திறந்து பாத்துட்டேன். அந்தத் தைரியத்துலதானே பந்தயம் கட்டினேன்."

அடுத்த நொடி குறி காலி. சேமிப்பு, கட்டளை, மறுதொடக்கம். "அழிச்சது என் விரல்! இன்னும் மூணு நிமிஷம் பாக்கி! பந்தயம் எனக்கு!" என்று கூவினார். திரை ஒளிர்ந்தது. அவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா, ஒண்ணுமே வரலையே?"

"வந்திருக்கே. பொடி எழுத்துல ஆறு வரி. அம்சமா, ஒரு எழுத்து வெளியில போகாம. முதல் வரியைப் படிங்க, பந்தயம் உங்களுக்குத்தான்."

அவர் சாய்ந்தார்; நிமிர்ந்தார்; ஒரு கண்ணை மூடினார்; பிறகு மற்றதை.

"நாலரைக்கு டாக்டர்கிட்ட நேத்தே நேரம் வாங்கிட்டேன்" என்றார் அம்மையார்.

கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடிந்த ஒரே திரையை அவரே தம் கையால் திருத்தி முடித்திருந்தார்.