ரத்து செய்த முப்பத்தொரு தண்ணீர் கேன்கள்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: தன் தொழில் திறமையைக் காட்டுவது. நான் காட்டினேன்.

அடையாறில் ஒரு சின்னக் கம்பெனியில் மொபைல் ஆப் எழுதுகிறவன் நான். கல்யாணமான மூன்றாம் மாதம், பக்கத்துக் கேன் கடையோடு இணைத்து, தண்ணீர் கேன் வரவழைக்கும் ஆப் ஒன்றை முடித்திருந்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் மாமனார் இருக்கும் அடுக்ககத்துக்கு அவர்தான் சங்கத் தலைவர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். (சிரிக்கும்போதுகூட அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.)

"சங்கக் கூட்டத்துல வந்து காட்டுங்க மாப்பிள்ளை. பிடிச்சிருந்தா எல்லா வீட்டுலயும் போட்டுக்கலாம்" என்றார்.

கூட்டம் அடித்தள கார் நிறுத்துமிடத்தில். அங்கே சிக்னல் துளியும் கிடையாது. மாமனாரின் போனில் ஆர்டர் பொத்தானை அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உடனே 'ரத்து' அமுக்கினேன். வட்டம் மறைந்தது.

"பாத்தீங்களா? தப்பா அமுக்கினாலும் பயமே இல்ல. நீங்களே அமுக்கிப் பாருங்க!"

போன் கை மாறிக்கொண்டே போனது. ஆர்டர், ரத்து, ஆர்டர், ரத்து. இரண்டாம் மாடி பிலோமினா ஆன்ட்டி மட்டும் ஐந்து தடவை.

மாமனார் கேட்டார்: "ரத்து பண்ணது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் ஆப் பாத்துக்கும் மாமா."

கூட்டம் முடிந்து, மூன்றாம் மாடியில் மாமனார் வீட்டில் காபிக்கு உட்கார்ந்தோம். மாமனாரின் போன் டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. எல்லோரும் என்னைப் பாராட்டி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.)

அரை மணியில் வாசலில் கேன்காரர்.

"இன்னா சார், மேல நீச்சல் குளம் எதுனா கட்டிக்கினு கீறீங்களா? முப்பத்தோரு ஆர்டர் வந்துகீது!"

"இல்லீங்க, எல்லாத்தையும் ரத்து பண்ணியாச்சே?" என்றேன்.

"நீ போன்ல பண்ணிட்ட நைனா. எனக்கு எவன் சொன்னான்?"

நான் எழுதிய ரத்து, சுற்றும் வட்டத்தை மட்டும்தான் நிறுத்தியிருந்தது. கோரிக்கைகள் போனுக்குள் சமர்த்தாக வரிசையில் காத்திருந்து, மேலே வந்து சிக்னல் கிடைத்ததும், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிங்காக, மொத்தமாகக் கிளம்பிப் போயிருந்தன.

இறக்கிய கேனைத் திரும்ப ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார் அவர். வாசலிலிருந்து லிஃப்ட் வரை கேன்கள். அன்றே உட்கார்ந்து பிழையைச் சரிசெய்தேன். ஆனாலும் அந்த வாரம் முழுக்க மினரல் வாட்டரில் குளித்தேன்.

இன்றும் அங்கே சாப்பிடும்போது "போதும் அத்தை" என்று நான் தட்டை மறைத்தால், மாமனார் சமையலறைப் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை ரத்து பண்றார், அங்க வந்து சேந்துச்சா?" என்பார்.

"இங்க ஒண்ணும் வரலியே" என்று சொல்லிக்கொண்டே அத்தை இன்னும் இரண்டு ஆப்பத்தோடு வருவார்.