பெல்மார் பாரில் ஒரு கை கொசுறு

எடிசன், நியூ ஜெர்சி
12 ஜூலை 1998

உயர்திரு மச்சான் நாச்சிமுத்து அவர்களுக்கு மாரிசாமி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ராமாத்தாளும் நலம். உடுமலைக் கடையில் வியாபாரமும் அக்கா வசந்தாமணியின் முழங்காலும் நல்லபடி இருக்க வேண்டுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் மகன் இனியன் ஒரு பாரில் வேலை பார்க்கிறான். நீங்கள் கேள்விப்பட்டது நிஜம். "நாளைக்கே போய் இழுத்துட்டு வந்து பிளேன்ல ஏத்தி உடு" என்று போனில் சத்தம் போட்டீர்கள். போனேன். இழுத்து வரவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். இது அக்கா கண்ணில் படவேண்டாம். ராமாத்தாளுக்கும் தெரியாது, பையன் கடற்கரை ஓட்டலில் கணக்கு எழுதுகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்களுக்குச் சேதி சொன்ன வெஸ்ட் வின்ட்சர் சுவாமிநாதன் கோயில் வாசலில் என்னையும் பிடித்துக்கொண்டார். "உங்க அக்கா பையன் பெல்மார் பீச்ல பீர் ஊத்தறான், தெரியுமா? நுரை பொங்காம என்ன அழகா ஊத்தறான்!" நீங்கள் அங்கே எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். ரெஸ்ட் ரூமுக்காகக் காரை நிறுத்தினாராம். ரெஸ்ட் ரூம் போன மனிதர் நுரையை எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. மாதா மாதம் என் கடையில் இரண்டு மூட்டை பொன்னி அரிசி வாங்குகிறவர்.

கோடை விடுமுறையில் வேலை செய்யலாம் என்கிற மாணவர் விசாவில் பையன் வந்து இறங்கியதும் என் கடையில் நிறுத்தத்தான் நினைத்தேன். "உங்க கடையில நிக்கறதுக்கு உடுமலையிலயே நின்னிருப்பனுங்களே மாமா. வேற வேலை பாக்கோணும்" என்றான். சரி, நாலு பேர் துரத்தினால் தானாக வருவான் என்று விட்டுவிட்டேன். துரத்தத்தான் செய்தார்கள். கடற்கரை ஓரமாக ஒவ்வொரு பாராக ஏறி இறங்கியிருக்கிறான், கையில் நம்ம ஊர் பயோடேட்டாவோடு. அப்பா பெயர், பத்தாம் வகுப்பு மார்க், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, மேற்கண்டவை யாவும் உண்மை என்று கடைசியில் ஓர் உறுதிமொழி. பின்னால் கல்லூரி முதல்வர் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ், அதில் கெசட்டட் ஆபீசர் பச்சை இங்க்கில் கையெழுத்து. பீர் ஊற்றுவதற்கு, மச்சான்! கடைசியில் ஏறின பாரின் முதலாளி பெக்கி என்று ஓர் அறுபது வயது அம்மாள். அதைப் படித்துச் சிரித்துத் தீர்த்துவிட்டு, "முப்பது வருஷமா ஆள் வைக்கிறேன், ஒழுக்கத்துக்கு அத்தாட்சி கொண்டுவந்தவன் நீ ஒருத்தன்தான்" என்று சேர்த்துக்கொண்டாளாம். அந்தச் சான்றிதழ் இப்போது கண்ணாடி போட்டு விஸ்கி பாட்டில்களுக்கு நடுவே தொங்குகிறது. நீங்கள் அலைந்து வாங்கின கையெழுத்து வீண் போகவில்லை.

நேற்று சாயங்காலம் நான் கோபத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். அங்கே பார்த்தது இது. கையெல்லாம் பச்சை குத்தின ஆறடி ஆட்கள் பில் கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்கிறார்கள். வலது கையைக் குழித்து, இடது கையை அதற்குக் கீழே கொடுத்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி. "கோசுரூ!" என்கிறார்கள். உங்கள் பையன் எவர்சில்வர் டம்ளரால் ஆளுக்கு ஒரு வீச்சு காரக்கடலை அள்ளிப் போடுகிறான்.

"என்னடா இது?"

"கொசுறுங் மாமா. பில்லு முடிஞ்சதும் அப்பா பொட்டுக்கடலை அள்ளித் தருவாரில்லீங்களா, அதேதான்."

"அது கொழந்தைகளுக்குடா!"

"ரெண்டு கிளாஸ் உள்ள போனா இவங்களும் கொழந்தைங்கதானுங்."

கிண்ணத்தில் கிடக்கும் கடலையை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணக்கு முடிந்த பிறகு கூப்பிட்டுக் கொடுத்தால் ஆளுக்கு முகமே மாறிவிடுகிறது. வாயில் போட்டுக்கொண்டு கதவு வரை போகிறான், காரம் ஏறுகிறது, திரும்பி வந்து இன்னொரு பீர் கேட்கிறான். கல்லாவில் உட்கார்ந்து தூங்குகிறான் என்று நீங்கள் திட்டிய பையன் ஒரு கண்ணைத் திறந்து வைத்துத்தான் தூங்கியிருக்கிறான். கடலை எங்கே பிடித்தான் என்கிறீர்களா? எல்லாம் என் கடையில் விலை போகாமல் கிடந்த பெட்டிகள். பெட்டி பெட்டியாக வாங்கிப் போனபோது, பாவம், ஊர் ஞாபகத்தில் தின்கிறான் என்று நினைத்தேன்.

ஆனாலும் உங்கள் உத்தரவைச் சொன்னேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. "ஆகஸ்ட் முடியட்டுங் மாமா. அப்பா கடையில அப்பா பேரு, உங்க கடையில உங்க பேரு. இது ஒண்ணுதான் நானாத் தேடிப் புடிச்சது. இதையும் புடுங்கினா ஊருக்குப் போயி என்னத்தச் சொல்லுவேன்?" என்றான். மச்சான், நான் இந்த நாட்டில் முதலில் கார்களுக்கு பெட்ரோல் அடித்தவன். அவன் சொன்னது எனக்குப் புரியாமல் இருக்குமா? அதற்குள் பெக்கி ஓடிவந்து, "இந்தக் கடலை உங்களுடையதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நான் மாமனாக இல்லை, வியாபாரியாகிவிட்டேன்.

பேசி முடித்தது இதுதான். இனியன் ஆகஸ்ட் முடிய இருப்பான். ஊற்றுவான், தொடமாட்டான். காரக்கடலை என்னிடம் மட்டுமே வாங்க வேண்டும். பக்கத்து பாருக்கு நான் கொடுக்கக் கூடாது. உங்களுக்குச் சம்மதம்தானே? கல்லாவில் உங்களைப் பார்த்துப் படித்ததைத்தான் பையன் இங்கே செய்கிறான், அதற்குப் போய் அவனை நீங்களே தண்டிப்பீர்களா?

அக்காவுக்கு என் அன்பு. முருகன் துணையில் எல்லாரும் நோய் நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
மாரிசாமி

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழ். கடலைப் பெட்டி மேல் பாரின் விலாசத்தைப் பார்த்துவிட்டாள் ராமாத்தாள். "கணக்கு எழுதறானா, கணக்கு? நானே போயி இழுத்துட்டு வர்றேன்" என்று செவ்வாய்க்கிழமை காரில் ஏறினாள். போனவள் கடலையை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறாள். எண்ணெய்ச் சிக்கு வாடை, கறிவேப்பிலை இல்லை என்று பெக்கியிடமே சொல்லி, அங்கேயே ஒரு சட்டி வறுத்துக் காட்டிவிட்டாள். என் ஒப்பந்தம் போயிற்று. அக்காவுக்கும் போன் பண்ணிவிட்டாள்; அக்கா முறுக்கு அச்சு பார்சல் அனுப்புகிறாளாம், தடுக்காதீர்கள். புது ஏற்பாடு: வெள்ளியும் சனியும் ராமாத்தாள் அங்கே வறுப்பாள், அந்த அடுப்பில் கறி ஏறாது, நான் கொடுப்பது பச்சைக் கடலை மட்டும், அவளைக் கொண்டுபோய் விட்டு, முடியும் வரை நான் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், உள்ளே வரக்கூடாது. குடும்பஸ்தன் கால் வைக்கிற இடமா அது என்கிறாள்.