பீரோவில் பூட்டிய டிஸ்க்

மரியாதைக்குரிய மச்சான் தண்டாயுதபாணி அவர்களுக்கு,

பள்ளிபாளையத்திலிருந்து கைலாசம் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும், மாடியில் தம்பி ஆனந்தகுமார் குடும்பமும் சுகம். மோகனூரில் புதுவீட்டில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். என்மேல் கோபமாகவும் இருப்பீர்கள். கிரகப்பிரவேசத்துக்குக் கூடப்பிறந்தவளே வரவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நீங்கள் போனை எடுக்காததால் நடந்ததை எழுதுகிறேன்.

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த மகள் ஷாலினி, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். சர்வராம். உள்ளே மூன்று ஹார்ட் டிஸ்க்; மேசை டிராயர் மாதிரி இழுத்தால் கையோடு வரும். பேரன் போட்டோக்கள், தம்பி கம்ப்யூட்டரில் வரையும் போர்வை டிசைன்கள் எல்லாம் வைஃபை வழியாக அதில் போய்ச் சேர்ந்துவிடும். "மூணையும் ஒண்ணாச் சேத்து ஒரே டிஸ்க் மாதிரி ஆக்கிட்டேங்கப்பா, ரெண்டு குடும்பத்துக்கும் பொது" என்றாள். அந்தப் 'பொது'தான் எனக்கு உறுத்தியது. தண்ணீர் மோட்டார் பொதுவாக இருந்து, யார் போட்டது யார் அணைக்காதது என்று பேச்சு வளர்ந்து, தம்பியும் நானும் வாசலில் பார்த்தால் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதனால் நானாக முடிவு செய்துகொண்டேன்: மேல் டிஸ்க் மாடிக்கு, கீழ் டிஸ்க் நமக்கு, நடுவில் இருப்பது சும்மா.

உங்கள் விசேஷத்துக்குக் கிளம்பும்போது உங்கள் தங்கை மீதி நகையை பீரோவில் வைத்தாள். ஆளில்லாத வீட்டில் பேரன் மட்டும் வெளியே கிடப்பானேன் என்று நான் கீழ் டிஸ்கை உருவி, துண்டில் சுற்றி, நகைப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கேஸ் கசிகிறதென்று உங்கள் தங்கை சிலிண்டரை மூடிவிட்டுப் பட்டுப்புடவையோடு தெருவுக்கு ஓடினாள். நடுவில் சும்மா இருப்பதையும் எடுத்துவிட்டால் சத்தம் அடங்கும் என்று நான் கை வைத்தேன்.

தம்பி மனைவி பிரீத்தி மாடியிலிருந்து ஓடி வந்தாள். "மாமா, கைய எடுங்க! ஒண்ணு போனாத் தாங்கும், ரெண்டாவதையும் புடுங்குனா ரெண்டு ஊட்டுதும் மொத்தமாப் போயிருமுங்க!"

பின்னால் வந்த தம்பி கத்துவான் என்று நினைத்தேன். மறுநாள் கரூருக்கு அனுப்ப வேண்டிய டிசைன் முழுக்க அதில்தான் இருந்தது. அவன் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்கண்ணா, உங்க டிஸ்க்கு என் டிஸ்க்குன்னு அதுல எதுவுமே இல்லீங்க. உங்க பேரன் மூஞ்சி பாதி இதுல, பாதி அதுல. என் போர்வையும் அப்படித்தான்."

ஷாலினியைக் கூப்பிட்டோம். டிஸ்கைத் திரும்பச் சொருகச் சொன்னாள். எல்லாம் மறுபடி சரியாகும்வரை கரண்ட் போகக் கூடாது, அப்பா பக்கத்தில் போகக் கூடாது என்றாள். அன்றைக்கென்று கரண்ட் போய்ப் போய் வந்தது. தம்பி மாடி இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தான். விபூதியோடு வந்த உங்கள் தங்கையை, பெட்டியின் காற்று ஓட்டைக்குள் விழாமல் மேல்மூடியில் மட்டும் பூசவைத்தாள் பிரீத்தி. மாடியிலிருந்து புளிச்சோறு இறங்கியது. நாலு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தம்பி போனில் சதவீதம் ஏறுவதைப் பார்த்தோம். பேச்சுவாக்கில் மோட்டாரும் வந்தது. "பாதி நாள் நாந்தானுங்கண்ணா அணைக்க மறந்தது" என்றான். "மீதி நாள் நாந்தாம்பா" என்றேன். நூறு ஆனபோது போர்வையும் பேரனும் குறையில்லாமல் இருந்தார்கள். உங்கள் வீட்டில் பந்தி முடிந்திருந்தது.

மன்னித்துவிடுங்கள், மச்சான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யார் சொன்னாலும் இப்படி ஒரு பெட்டியை உங்கள் புதுவீட்டுக்குள் விடாதீர்கள். அந்த வீட்டில் எந்நாளும் நல்ல காரியமும் நல்ல தூக்கமும் நிறையட்டும். அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
கைலாசம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஷாலினி போன் செய்தாள். எல்லாம் ஒரே வீட்டில் இருப்பது ஆபத்தாம். வேறு ஊரில் நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் ஒரு நகல் இருக்க வேண்டுமாம். எனக்கு உங்களை விட்டால் யார்? ஞாயிற்றுக்கிழமை தம்பியும் நானும் புதிதாக ஒரு பெட்டியோடு வருகிறோம். நீங்கள் சிரமப்பட வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டை உங்கள் மகன் ஈஸ்வர் கொடுத்துவிட்டான்.