பாஸ்டனில் ஓட்டத் தகுந்த ஆள்

அன்புள்ள கலீம் மாமாவுக்கு,

பாலக்கரையிலிருந்து சம்ரீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். அத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவருகிறது. பார்வை திரும்பிவிட்டதா என்று பார்க்க, மாத்திரை அட்டை முதல் கரண்ட் பில் வரை கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஹூஸ்டன் போய்ச் சேர்ந்து, தூக்கம் நேராகி, மாமி கைச் சாப்பாட்டில் தெம்பாகியிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள் என்றுதான் இந்தத் தாள்.

அன்று ஸ்ரீரங்கத்தில் "ஹாரன் அடிங்க மாமா" என்று நான் சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னால விடுங்க, அவங்களே ஒதுங்குவாங்க" என்றும் சொல்லவில்லை. மூன்றாவதாக இன்னொன்றையும் சொல்லவில்லை, அது கிடக்கட்டும். முந்தின நாள் மதியச் சாப்பாட்டில், அமெரிக்காவில் கார் ஓட்ட மிகவும் கஷ்டமான ஊர்கள் எவையென்று நீங்கள் ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லியிருந்தீர்கள். அப்படிப்பட்டவருக்கு நான் வழி சொல்வது மரியாதையாகுமா?

"நியூயார்க்ல டாக்ஸிக்காரன் இடிக்கிற மாதிரியே வருவான், இடிக்க மாட்டான். லாஸ் ஏஞ்சலஸ்ல ஆறு லேன் இருக்கும், ஆறும் நிக்கும். சான் பிரான்சிஸ்கோ மேட்டுல நிறுத்தினா வயிறு பின்னால உருளும். எல்லாத்தையும்விட பாஸ்டன்தான் மச்சான் மோசம். மாடு போன தடத்துலயே ரோடு போட்டானாம். நம்ம புள்ள அங்க எப்படி ஓட்டும்? ஹூஸ்டன்ல சேரட்டும், நானே தினம் கொண்டு விடுறேன்" என்றீர்கள். அத்தா தலையாட்டினார். இரண்டு ஊரிலும் இடம் கிடைத்திருக்கிறது. நான் ஆசைப்படுகிற நூலகப் படிப்பு பாஸ்டனில்தான். அங்கே ரயில் ஓடுகிறது மாமா என்று நான் சொன்னது கரண்டிச் சத்தத்தில் போய்விட்டது. அத்தாவின் அந்த ஒரு தலையாட்டலில் என் பாஸ்டன் ஆட்டம் கண்டுவிட்டது.

மறுநாள் அத்தாவின் சிநேகிதர் பூவரசன் சார் ஸ்ரீரங்கத்துக்குக் காபிக்குக் கூப்பிட, அத்தா ஓட்டக் கூடாதென்று நீங்களே சாவியை வாங்கினீர்கள். காவிரிப் பாலம் தாண்டி ராஜகோபுரத்துக்கு முன்னால் இருக்கிற முக்கு வரை ஒரு குறையும் இல்லை. அங்கே முழுசாக நிறுத்தி, நாலு பக்கமும் பார்த்து, "முதல்ல வந்தவங்க முதல்ல போகணும், அதான் ரூல்" என்றீர்கள். நமக்குப் பின்னால் வந்தவர்கள் முதலில் போனார்கள், அதற்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டாவதாகப் போனார்கள், நம் முறை மட்டும் வரவே இல்லை. எங்கள் ஊரில் நின்ற வண்டி என்றால் நிறுத்திவைத்த வண்டி, அதனால் ஒருவர் நமக்குப் பின்னாலேயே ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். பூக்கார வீரம்மாளை நீங்கள் கையைக் காட்டிப் போகச் சொல்ல, கார் தனக்கு வழி விட்டு அறியாத அந்த அம்மா நேரே ஜன்னலுக்கு வந்து "எத்தன முழம் தம்பி?" என்று கேட்டு, கூடையைப் பானெட்டில் இறக்கி வைத்தது. பின்னால் டவுன் பஸ். கண்டக்டர் இறங்கி வந்தார்.

"சார், வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க, வழி விடுறேன்."

"யாருக்கு?"

ஆட்டோக்கார தர்மராஜ் அண்ணன் எட்டிப் பார்த்து, "வழி விடுறதுன்னா நாம போயிடுறதுதான் சார்" என்றார். நீங்கள் போகப் பார்த்தீர்கள். இருபது வருஷம் கிளட்ச் மிதிக்காத கால், அவசரத்தில் தடுமாறியது. நாலு தரம் வண்டி அணைந்தது. கண்டக்டரும் தர்மராஜ் அண்ணனுமாகக் காரை ஓரம் தள்ளினார்கள். "ஒரு ஆக்டிங் டிரைவரப் பாரும்மா" என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, நீங்களும் அத்தாவும் நாம் மறித்து வைத்திருந்த அதே பஸ்ஸில் ஏறினீர்கள். அது வீதிகளைச் சுற்றிக்கொண்டு பாலக்கரை வருவதற்குள் கார் நம் சந்தில், கரண்ட் கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் நின்றது. சுற்றிவந்து பார்த்தீர்கள். "ஒரு கீறல் இல்லியே. ரிவர்ஸ்ல விட்டிருக்கான் பாருங்க மச்சான். இவன மாதிரி ஆளுதான் பாஸ்டன்ல ஓட்ட முடியும். டிரைவர் எங்கம்மா?"

"டிரைவர் தண்ணி குடிச்சாச்சு மாமா" என்றேன். அது உண்மை.

கல்லூரிக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பாஸ்டனில் ரயில் இருக்கிறது, அவள் காரைத் தொடவே வேண்டியதில்லை என்று அத்தாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

மாமிக்கு என் ஸலாம். நீங்கள் போகிற முக்கிலெல்லாம் உங்கள் முறை முதலில் வர அல்லாஹ் அருள்வானாக.

அன்புடன்,
சம்ரீன்

பி.கு.: மூன்றாவதாகச் சொல்லாதது இது. அந்த டிரைவர் நான்தான். எட்டு மாதத்துக்கு முன் அரியமங்கலத்தில் டிரைவிங் ஸ்கூல் பேட்ரிசியா மிஸ்ஸிடம், என் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் கற்று லைசென்ஸ் வாங்கினேன். சொன்னால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்களே என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இதுவரை எழுதி மேசையில் வைத்திருந்தேன். அத்தா படித்துவிட்டார். இன்று காலை கண் டாக்டரிடம் போக, என்னை ஓட்டச் சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்தார். அங்கிருந்து பூவரசன் சார் வீட்டுக்கு விடச் சொன்னார். ராஜகோபுர முக்கில் நான் ஹாரன் அடித்தேன். காபி குடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அத்தா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாஸ்டனுக்குச் சம்மதம் அனுப்பினேன். போன் வேண்டாம் மாமா.