பிச்சுமணி மாமாவின் டெராபைட்டு

கட்டம் கட்டமாகத் தெரிந்ததே தவிர, ஒன்றிலும் படம் இல்லை. பிச்சுமணி போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் அதே சாம்பல் நிறம். 'நலங்கு – கோமளம் மாமி பாட்டு' என்று பேர் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தொட்டால், திறக்க முடியாது என்று போன் கைவிரித்தது.

கோமளம் மாமியோ இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள்.

"ஏன்னா, கரமனையிலேர்ந்து மாமி வெயில் தாழக் கிளம்பறாளாம். டி.வி.யில பெரிசாப் போட்டுப் பாக்கணுமாம். பஜ்ஜி போறுமா, கேசரியும் கிளறட்டுமா?" என்று அடுக்களையிலிருந்து விஜயம் கேட்டாள்.

"எதையாவது பண்ணித் தொலை!"

விஜயம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். முப்பது வருஷமாகக் கேட்கிற குரல்தான் என்பதால் அவள் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பாவம், பிச்சுமணியைச் சொல்லியும் குற்றமில்லை. ஆபீசில் இருந்தவரை கையெழுத்துக்கும் சிபாரிசுக்கும் ஸ்ரீவராகம் தெருவே அவர் வாசலில் நின்றது. ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து, "மாமா, மணி என்ன?" என்று கேட்கக்கூட ஆளில்லை. அப்போதுதான் சாலைக் கடைத்தெரு நடைபாதையில் அந்த மெமரி கார்டை வாங்கினார். விரல் நகம் அளவுதான் இருந்தது, ஆனால் மேலே 'ஒரு டெராபைட்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. கார்டைப் போனில் செருகிக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"போன்ல எடமில்லையா? எங்கிட்ட குடு. நூறு கல்யாணம் கொள்ளும்!"

ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கவும் செய்தார்கள். காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மறுபடியும் நாலு பேருக்கு வேண்டியவராகிவிட்டோம் என்று மனுஷர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

அப்படி வந்தவன்தான் பக்கத்து வீட்டு கௌசிக். கரமனையில் இருக்கும் கோமளம் மாமியின் ஒரே பிள்ளை. அவனுக்கும் ஸ்நேகாவுக்கும் கல்யாணமான அன்றைக்கு, நலங்கில் மாமி தானே கட்டிய பாட்டொன்றைப் பாடினாள். வீடியோக்காரர் சாப்பிடப் போய்விட்டதால் கௌசிக்கின் சிநேகிதன் ஒருவன் கௌசிக்கின் போனில் எடுத்து வைத்தான். "எடமே இல்ல மாமா, உங்க கார்டுல கிடக்கட்டும்" என்று கௌசிக் இங்கே ஏற்றிவிட்டுத் தன் போனிலிருந்து அழித்துவிட்டான். இன்றைக்கு அவர்களுடைய முதல் கல்யாண நாள். மாமி அந்தப் பாட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்றுவிட்டாள்.

பிச்சுமணி கார்டை வெளியே எடுத்தார். வேஷ்டி நுனியால் துடைத்து, ஊதி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்து, பத்மநாபனை வேண்டிக்கொண்டு மறுபடி செருகினார்.

இப்போது கட்டங்களும் போய்விட்டன. கார்டைச் சுத்தமாகத் துடைத்துவிடட்டுமா என்று போன் கேட்டது.

வியர்த்துப்போய், பெங்களூரில் இருக்கும் மகன் பிரணவைக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, அது போலி கார்டு. டெராபைட்டெல்லாம் மேல எழுதியிருக்கறதோட செரி. உள்ள கையகலம் எடம்தான் இருக்கும். அது ரொம்பினா, பழசு மேலயே புதுசை எழுதிடும். பேர் மட்டும் மிஞ்சும்."

"அப்போ தெருவுல குடுத்ததெல்லாம்?"

"எப்பவோ போயாச்சுப்பா."

பிச்சுமணிக்குக் காது இரண்டும் சுட்டது. ஊரார் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் வாங்கி விழுங்கிவிட்டு, வெட்கமில்லாமல் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறோமே! இனிமேல் எந்த முகத்தோடு தெருவில் இறங்குவது?

எதிர்வீட்டு ஜானவி அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அவளிடம் ஒரு பிரதி இருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

"ஸ்நேகா நலங்கு வீடியோ உங்கிட்ட இருக்கோ?"

"அது உங்ககிட்டன்னா இருக்கு? எங்க மச்சினர் கிரகப்பிரவேசத்துல பேசினதும் உங்ககிட்டதானே இருக்கு?" ஜானவியின் முகம் சட்டென்று மாறியது. "அது இன்னும் இருக்கா மாமா?"

எவ்வளவு கவலை பாருங்கள், பாவம்! பிச்சுமணி வேகமாகத் தலையாட்டினார்.

"பேஷா இருக்கே! பத்திரமா இருக்கு!"

"ஓ" என்றாள் ஜானவி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவர் நன்றி சொல்லிப் பேசினதையும் அனுப்பறேன். அதையும் கார்டுலயே போட்டு வெச்சுடுங்கோ" என்றாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போன இடத்தில் இன்னொன்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நேராக டி.வி.க்குப் பின்னால் போய் ஒயரைப் பிடுங்கினார்.

கோமளம் மாமி மகன், மருமகளோடு வந்தாள். கல்யாணத்தன்று கட்டிய அதே அரக்குப் பட்டுப்புடவை. அதைப் பார்த்ததும் பிச்சுமணிக்கு உயிரே போய்விட்டது.

"டி.வி. ரிப்பேர் மாமி."

"எந்தா பேச்சு இது? இப்போ செத்த மின்னேதானே நியூஸ் பாத்தேன்?" என்றபடி பஜ்ஜித் தட்டோடு வந்த விஜயம், தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்துச் செருகினாள். டி.வி. பளிச்சென்று எரிந்தது.

"போன்... போனைக் கடையில குடுத்திருக்கேன்."

இடுப்பில் போன் அடித்தது. ஐயையோ என்று பதறி எதையோ அழுத்தினார். ஸ்பீக்கரில் பிரணவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, மாமிகிட்ட சொல்லிட்டியா, பாட்டு அழிஞ்சு போச்சுன்னு?"

பிச்சுமணி தரையைப் பார்த்தபடி நின்றார். இந்த நிமிஷமே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அறுபது வயசில் பொய் சொல்லி, அதுவும் ஒயரைப் பிடுங்கி வைத்து, கையும் களவுமாகப் பிடிபட்டு... சீ!

"அழிஞ்சுடுத்தா?" என்றாள் கோமளம் மாமி மெதுவாக. "எனக்குப் பாட்டுன்னா உசிரு. ஆத்துல யாரும் என்னை முழுசாப் பாட விட்டதில்லை. அன்னிக்குத்தான் விட்டா."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிச்சுமணிக்குப் பொறுக்கவில்லை. கண்ணில் நீரோடு கைகூப்பினார்.

"தப்பு என் பேர்லதான் மாமி. எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். இப்போ மறுபடி பாடுங்கோ. நானே எடுக்கறேன்."

கௌசிக் துள்ளி எழுந்தான். "வேண்டாம் மாமா! அம்மாவுக்குத் தொண்டை செரியில்லை!"

"எந்தொண்டைக்கு ஒரு கேடும் இல்லைடா" என்றாள் மாமி. முகம் மலர்ந்துவிட்டது.

பிச்சுமணிக்கு எங்கிருந்துதான் அந்தச் சுறுசுறுப்பு வந்ததோ! பாயை விரித்தார். கௌசிக்கையும் ஸ்நேகாவையும் எதிரெதிரே உட்காரவைத்து, நலங்கில் போலவே தேங்காயை உருட்டச் சொன்னார். தலையில் உடைத்துக்கொள்ள விஜயத்திடம் அப்பளம் பொரிக்கச் சொன்னார். இருவரும் தூக்குத் தண்டனை விழுந்தவர்கள் போலத் தேங்காயை உருட்டினார்கள்.

மாமி பாடினாள். ஆரம்பித்த சுருதி ஒன்று, போன சுருதி வேறொன்று. பாட்டில் இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் ஆளுக்கொரு சரணத்தில் வந்தார்கள். சித்தப்பாவின் பிரமோஷன் வந்தது, அத்தையின் முழங்கால் ஆபரேஷன் வந்தது. முடிந்துவிட்டது என்று ஸ்நேகா எழுந்திருக்கப் போனபோது ஒன்றுவிட்ட தாத்தா வந்தார். விஜயம் கேசரியைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பவே இல்லை. பிச்சுமணி மட்டும் அசையவில்லை. கை மரத்துப்போயிற்று, தோள் கெஞ்சியது. பண்ணின பாவத்துக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான் என்று போனை இறக்காமல் நின்றார்.

பாட்டு முடிந்ததும் மாமி அவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணாத குறைதான். தீர்த்தம் குடிக்க அவள் அடுக்களைக்குப் போனாள். பிச்சுமணி அப்பளத் தூளோடு உட்கார்ந்திருந்த கௌசிக்கின் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"மன்னிச்சுக்கோடா கொழந்தே. உங்காத்துச் சொத்தைத் தொலைச்சுட்டேன். தெருவுல எல்லாரும் நம்பிக் குடுத்ததையும் தொலைச்சுட்டேன். வாசல் வாசலாப் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன். ஆனா உங்கம்மா பாட்டுக்கு இனி ஒரு கொறைவும் வராது. அந்தப் பாழாப்போன கார்டுல போடலை. போன்லயே எடுத்து, பிரணவுக்கு அனுப்பி, உங்கம்மாவுக்கும் வாட்ஸப்புல அனுப்பியாச்சு."

கௌசிக் தலையில் இருந்த அப்பளத்தைக்கூடத் தட்டிவிடாமல் அவரையே பார்த்தான்.

"ஐயோ மாமா, நாமளா அழிச்சா வம்பு, உங்க கார்டுல போட்டா தானாப் போயிடும்னுதானே இந்தத் தெருவே உங்ககிட்ட கொண்டுவந்து குடுக்கறது!"