தலையைச் சாய்த்துக் கேட்கும் அத்தை

ஆலோசகர்களில் இரண்டு வகை உண்டு. படித்து முடித்தவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. வேண்டுமென்றால் நாம்தான் நேரம் கேட்டுப் போய்ப் பார்க்க வேண்டும். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டாம் வகை. இவர்களைத் தேடிப் போகவே வேண்டாம். நம் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது இந்த இரண்டாம் வகையைத்தான். குழந்தைகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் மனம்விட்டுப் பேச உதவுவது எப்படி என்று சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போகிறவர்கள். வகுப்பில் வீட்டுப்பாடம் உண்டு, பிள்ளைகள் கிடையாது. ஆகவே சொந்தத்தில், மீசை முளைக்காத, ஓட்டுப் போடும் வயது வராத எது கையில் அகப்பட்டாலும் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குரல் தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல் இறங்கியிருக்கும். இப்படிச் சாய்த்தே பழகிய ஓர் அம்மாள் பாஸ்போர்ட் படத்துக்கும் அப்படியே நின்றுவிட்டு, பிறகு விமான நிலையத்தில் மறதியாகத் தலையை நிமிர்த்தியதால், ஆள் வேறு என்று திருப்பி அனுப்பப்பட்டதை நானே அறிவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மருந்துக்கடை நடத்திய ஓர் அத்தை இந்த வகுப்பில் சேர்ந்தாள். அதற்கு முன் அவள் எப்படிப்பட்டவள்? பிள்ளைகள் யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால், வாக்கியம் முடிவதற்குள் திட்டும் தீர்வும் ஒன்றாக வந்து விழும். அழ நேரமே இருக்காது. அதனாலேயே சொந்தக்காரப் பிள்ளைகளெல்லாம் அவளிடம் ஓடிவந்தன.

வகுப்பு அவளைத் திருத்திவிட்டது.

திட்டக் கூடாது. தீர்வு சொல்லக் கூடாது. 'ஏன்' என்று கேட்கவே கூடாது, பிள்ளை மிரண்டுவிடுமாம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியும் ஆகாது. ஆக, "சாப்பிட்டியா?" என்று கேட்க வழியில்லாமல் போயிற்று. "சாப்பாட்டோட உனக்கு இன்னிக்கு எப்படிப்பட்ட அனுபவம்?" என்றுதான் கேட்க வேண்டும். பழக்கம் கடைக்கும் பரவியது. இருமல் மருந்து கேட்டு வந்த மேஸ்திரியிடம், "இந்த இருமலை நீங்க எப்படிப் பார்க்கிறீங்க?" என்றாள்.

"இருமிக்கிட்டேதாம்மா பார்க்கிறேன். பாட்டிலை எடுங்க."

வகுப்பில் பயிற்சி வேறு நடக்கும். ஒருவர் ஆலோசகர் வேஷம், மற்றவர் பிள்ளை வேஷம். அத்தைக்கு வாய்த்த பிள்ளை, வருமானவரித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அருமையான பிள்ளை! மூன்றாவது கேள்விக்குத் தொண்டை அடைக்கும், அடுத்த கேள்விக்குக் கண்ணீர் கொட்டும், மணி அடிப்பதற்குள் திருந்திவிடும். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் இவரைப்போலத்தான் இருக்கும் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள்.

அப்போதுதான் அண்ணி போன் செய்தாள். அண்ணன் மகள் ஓட்டக்காரி. பள்ளித் தொடர் ஓட்டத்தில் கடைசியாகக் குச்சியை வாங்கிக்கொண்டு ஓடுகிறவள். ஒரு வாரமாகப் பயிற்சிக்குப் போகவில்லை.

"கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா. நாளைக்கும் வரலேன்னா வேற பொண்ணைச் சேர்த்துடுவேன்னு மாஸ்டர் சொல்லிட்டாராம். நீ ரெண்டு சத்தம் போட்டாத்தான் சரிப்படும்."

"சத்தம் போடுறதெல்லாம் இப்ப கிடையாது அண்ணி. அனுப்பி வைங்க, கேட்டுக்கிறேன்."

கடையின் பின்னறையில் குளுக்கோஸ் பெட்டிகளை ஒதுக்கி, நாற்காலிகளைக் கொஞ்சம் கோணலாகப் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டியையும் வைத்தாள் அத்தை. பெண் உள்ளே வந்தாள். லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தாள். தயக்கம், என்று நோட்டில் குறித்துக்கொண்டாள் அத்தை.

"வா கண்ணு. உன் மனசு இன்னிக்கு என்ன கலர்ல இருக்கு?"

"என்னது அத்தை?"

"கலர்."

பெண் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். "நீலம். யூனிஃபார்ம் நீலம்தானே?"

பள்ளிக்கூட அழுத்தம், என்று அதையும் குறித்துக்கொண்டாள். அடுத்தது மௌனம். பிள்ளை தானாகப் பேசும்வரை நாம் பேசக் கூடாது என்பது பாடம். வாழ்க்கையில் தூக்கத்தில்கூட மௌனமாக இருந்தறியாத அத்தைக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பெண்ணோ தொண்டை மிட்டாய்ப் பட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கினாள். பட்டை காலியானது. கண்ணீர் வரவில்லை.

அத்தைதான் தோற்றாள். அவசரத்தில், ஆகாது என்ற ஆம்-இல்லைக் கேள்வியே வந்துவிட்டது. "மனசுவிட்டுப் பேச முடியாத ஆள்னு யாராவது உனக்கு இருக்காங்களா?"

"இருக்காங்க."

அத்தை முன்னால் நகர்ந்தாள். அண்ணியாக இருக்கும் என்று ஒரு சின்ன ஆசை. வகுப்பில் இதைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். "யாருன்னு சொல்லலாம்னு தோணுதா?"

"நீங்கதான்."

மற்றவர்கள் மேலுள்ள கோபத்தைப் பிள்ளைகள் ஆலோசகர்மேல் காட்டுமாம். அது நல்ல முன்னேற்றமாம். புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். அத்தை பூரித்துப்போனாள்.

"அத்தை," என்றாள் பெண், இதற்குமேல் தாங்காது என்பதுபோல. "ஷூ டைட்டா இருக்கு."

"ம்ம். அந்த ஷூவுக்குள்ள யார் யாரோட எதிர்பார்ப்பெல்லாம் இருக்கு?"

"என் கால்தான் இருக்கு. அதுவும் முழுசா உள்ள போகல."

"அதை உன் கால்ல மாட்டிவிட்டது யாருன்னு நினைக்கிற?"

"நீங்கதானே அத்தை வாங்கிக் குடுத்தீங்க! பிறந்தநாளைக்கு!"

பேனா நின்றது.

வாங்கிக் கொடுத்தாள்தான். பச்சைக் கோடு போட்ட ஷூ. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், மாத்திரையோடு இலவச இணைப்பாக, "எங்க அண்ணன் பொண்ணு என் ஷூவிலதான் ஓடப் போறா" என்று சொல்லி அனுப்பியவளும் அவள்தான்.

"பழசை அம்மா யாருக்கோ குடுத்துட்டாங்க. நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. சின்னதுன்னு சொன்னா உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சுப் பார்த்தேன். அதான்..."

பெண் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினாள். கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது.

இந்த இடத்துக்கென்றே வகுப்பில் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்: 'உன் வலி எனக்குப் புரிகிறது.' அதைச் சொல்லத்தான் அத்தை வாயைத் திறந்தாள்.

"அடி கூறுகெட்டவளே! நகம் கறுக்குற வரைக்கும் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே? என் மூஞ்சி எப்படிப் போனா உனக்கென்ன, நீயா அதை மாட்டிக்கிட்டு ஓடப் போறே? மொதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா நின்ன நிலையில மாத்திட்டு வந்திருப்பேனே!"

பெண்ணின் முகத்தில், அந்நிய ஊரில் தெரிந்தவரைப் பார்த்தவளின் சந்தோஷம். கண்ணும் நிறைந்தது.

"ஐயையோ, திட்டிட்டேனா?"

"இன்னும் கொஞ்சம் திட்டுங்க அத்தை. நல்லாருக்கு."

நகத்துக்கு மருந்து போட்டு, கடையைச் சாத்திவிட்டு, இருவரும் செருப்புக் கடைக்குப் போனார்கள். வழி நெடுக சண்டை. பச்சைக் கோடுதான் வேண்டும் என்று அத்தை, வேண்டவே வேண்டாம் என்று பெண். பெண் ஜெயித்தாள். மறுநாள் மைதானத்துக்கு வலிக்கிற விரலைக் கொஞ்சம் பெரிய ஷூவில் போட்டுக்கொண்டு போனாள். மாஸ்டர் முறைத்துவிட்டு, கடைசியாக ஓட அவளையே நிறுத்தினார்.

அந்த வார வகுப்பில் அத்தை எழுந்து நின்று, எதிர்பார்ப்பு என்னும் இறுகிய காலணிக்குள் சிக்கிய ஓர் இளம் உள்ளத்தை மீட்ட கதையைச் சொன்னாள். திட்டிய பகுதி நேரமின்மையால் விடுபட்டது. வருமானவரிப் பெரியவர், யாரும் கேட்காமலேயே அழுதார்.

"எந்த உத்தி பலன் கொடுத்தது?" என்று ஆசிரியை கேட்டார்.

"மௌனம்," என்றாள் அத்தை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் எந்த வகுப்புக்கும் போகவில்லையே, நமக்கென்ன என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தில் சேர வகுப்பும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். பிள்ளைகளின் மனத்தைப் புரிந்துகொள்வது பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறவராக இருந்தால் போதும். இதைப் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒரு சின்னக் குரல் உங்களைக் கூப்பிட்டதே, நீங்களும் தலையைத் தூக்காமல், "இரு, முக்கியமா ஒண்ணு படிச்சிட்டிருக்கேன்" என்றீர்களே.

என்ன வேணுமாம் அதுக்கு?